சிவப்பு முள்

என்னுடைய எம்.இ. ஆய்வேட்டில் ஒரு வரைபடம் இருக்கிறது. கான்கிரீட்டில் ஸ்டீல் ஃபைபரின் அளவு கூடக் கூட, பீமின் வளைவு வலிமை எப்படிக் கூடுகிறது என்று காட்டும் படம். பூஜ்யம், அரை சதவீதம், ஒன்று, ஒன்றரை என நான்கு புள்ளிகள். நான்கையும் இணைக்கும் கோடு எங்கும் தயங்காமல் மேலே போகும். அதில் நான்காவது புள்ளி பொய். மூன்றாவது பாதிப் பொய். நாளடைவில் அந்தப் படத்தை நானே நம்ப ஆரம்பித்தேன். அதனால் நஷ்டப்பட்டவர் பாலக்கோடு பக்கத்து மேஸ்திரி ஒருவர்.

பொய் எங்கே நுழைந்தது என்று சொல்வதற்கு முன், அந்த ஃபைபர் என்ன செய்யும் என்பதைச் சொல்லியாக வேண்டும். கான்கிரீட் நசுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. எம்-25 கான்கிரீட் சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் அழுத்தம் தாங்க வேண்டும். அதே கான்கிரீட் வளையும்போது, இழுபடும் அடிப்பக்கம் பிளப்பதற்கு இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 தரும் சூத்திரப்படி 3.5 போதும். அதனால்தான் பீமின் அடியில் கம்பி போடுகிறோம். ஸ்டீல் ஃபைபர் என்பது அந்தக் கம்பிக்குப் பதிலாக வந்ததல்ல. நான் பயன்படுத்தியது 60 மி.மீ. நீளம், 0.75 மி.மீ. தடிமன், இரு முனையும் கொக்கியாக வளைத்த துண்டு. ஒரு கிலோவில் சுமார் 4,800 துண்டுகள் இருக்கும். கான்கிரீட்டின் கன அளவில் ஒரு சதவீதம் என்றால், ஒரு கனமீட்டருக்கு 78.5 கிலோ. அவ்வளவும் கலவைக்குள் எல்லாத் திசையிலும் சிதறி நிற்க வேண்டும்.

மண் சுவர் வைத்த நம் தாத்தாக்கள் மண்ணோடு வைக்கோலை மிதித்துக் கலந்தது இதற்காகத்தான். வைக்கோல் சுவரைக் கெட்டியாக்கவில்லை, காய்ந்து வெடிக்கும்போது பிளவு ஓடாமல் பிடித்துக்கொண்டது. கான்கிரீட்டில் இதற்கு ஒரு கணக்குப் போட்டவர்கள் அமெரிக்காவின் ரோமுவால்டியும் பேட்சனும். 1963-இல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரை, மெல்லிய கம்பிகளை நெருக்கமாக வைத்தால் விரிசல் வளர்வது தடைபடும் என்றது; முதல் விரிசல் விழும் வலிமையே கூடிவிடும் என்றும் சொன்னது. பின்னால் வந்த சோதனைகள் இரண்டாவது கூற்றுக்கு அவ்வளவாகக் கைகொடுக்கவில்லை. தமிழ்நாட்டுக்கும் இந்த விஷயம் புதிதல்ல. சென்னை தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம் ஸ்டீல் ஃபைபர் கான்கிரீட்டில் பாதாளச் சாக்கடை மூடிகளை உருவாக்கியது. வார்ப்பிரும்பு மூடிகளைப் பழைய இரும்புக்குத் திருடி விற்றுக்கொண்டிருந்த காலம் அது. கான்கிரீட் மூடியை எவன் திருடப்போகிறான்? அந்த மூடிகளுக்கான ஐ.எஸ். 12592, இரண்டரை டன் தாங்கும் நடைபாதை மூடியில் தொடங்கி 35 டன் தாங்கும் கனரக மூடி வரை தரம் பிரிக்கிறது. ஃபைபரின் உண்மையான பெருமை அந்த மாதிரி இடங்களில் இருக்கிறது. மேலே லாரி ஏறி விரிசல் விட்டாலும், மூடி இரண்டாகப் பிளந்து ஆளை உள்ளே விழுங்காது.

இதெல்லாம் என் ஆய்வேட்டின் முன்னுரையில் இல்லை. அதில் இருந்தது தகடூர் இரும்பு. அதியமான் ஆண்ட மண், இரும்பு உருக்கிய கசடு இன்றும் கிடைக்கும் ஊர், அந்த ஊர் மாணவன் இரும்பை கான்கிரீட்டில் கலக்கிறான் என்று அரைப் பக்கம் எழுதியிருந்தேன். மயிலாடும்பாறை இரும்பின் காலம் கி.மு. 2172 என்ற கணிப்பு அப்போது வந்திருக்கவில்லை. வந்திருந்தால் அதையும் விட்டிருக்க மாட்டேன். மயிலாடும்பாறை 2004 வரை எங்கள் தருமபுரி மாவட்டம்தானே.

இனி ஆய்வகம். நாங்கள் பயன்படுத்தியது பழைய மாடல் யு.டி.எம்., அதாவது பீமின்மேல் சுமை ஏற்றி உடைத்துப் பார்க்கும் எந்திரம். வட்ட டயல், அதில் இரண்டு முள். கறுப்பு முள் அந்த நேரத்துச் சுமையைக் காட்டும். சிவப்பு முள்ளைக் கறுப்பு தள்ளிக்கொண்டே மேலே போகும். உச்சம் தொட்டபின் கறுப்பு இறங்கினாலும் சிவப்பு அங்கேயே நிற்கும். எவ்வளவு சுமையில் உடைந்தது என்று பிறகு நிதானமாகப் பார்த்து எழுதிக்கொள்ளலாம்.

சோதனை பீம்கள் 100 மி.மீ. அகலம், 100 உயரம், 500 நீளம். 400 மி.மீ. இடைவெளியில் இரண்டு தாங்கிகள், மேலே இரண்டு இடத்தில் சுமை. ஃபைபர் இல்லாத பீமுக்கு முதல் விரிசல்தான் கடைசி விரிசல். டப்பென்று ஒரு சத்தம், இரண்டு துண்டு, முடிந்தது. ஃபைபர் பீம் அப்படிப் போகாது. விரிசல் விழும், கறுப்பு முள் சட்டென்று இறங்கும், பிறகு பாதி வழியில் எதையோ பிடித்துக்கொண்டதுபோல் நிற்கும். சில பீம்களில் மறுபடி கொஞ்சம் ஏறவும் செய்யும். விரிசலுக்குள் பார்த்தால் கம்பித் துண்டுகள் இரு கரைக்கும் நடுவே நீட்டிக்கொண்டு, கொக்கி நிமிர்ந்து நிமிர்ந்து வெளியே வருவது தெரியும். கிறுக் கிறுக் என்று சன்னமான சத்தம் வந்துகொண்டே இருக்கும்.

நான் அதைப் பார்க்கவில்லை. ஓரிரு பீம்களில் தற்செயலாகப் பார்த்ததைத்தான் மேலே எழுதினேன். மற்றவற்றில் கறுப்பு முள் இறங்கத் தொடங்கியதுமே வால்வைத் திறந்து சுமையை இறக்கிவிட்டேன். எனக்கு வேண்டிய எண் சிவப்பு முள்ளில் இருந்தது. அடுத்த பீம் காத்திருந்தது. மதியச் சாப்பாட்டுக்குள் முடிக்க வேண்டும்.

இது சோம்பல் மட்டுமல்ல, புரியாமையும்கூட. விரிசல் விழும்வரை ஃபைபருக்கு வேலையே இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: எம்-25 கான்கிரீட் பிளக்கும் தறுவாயில் அதன் நீட்சி பத்தாயிரத்தில் ஒன்றரைப் பங்குகூட இல்லை. அந்த நீட்சிக்கு அதனுள் இருக்கும் எஃகு சுமப்பது சதுர மில்லிமீட்டருக்கு 28 நியூட்டன். தாங்கக்கூடியதோ 1,100-க்கும் மேல். ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்க, முப்பது பேர்கூட எழுந்திருக்கவில்லை. கான்கிரீட் பிளந்த பிறகுதான் எல்லாருக்கும் வேலை வருகிறது. அழுத்த வலிமையை ஃபைபர் பெரிதாக மாற்றுவதில்லை. முதல் விரிசலின் சுமையையும், வழக்கமான அளவுகளில், கொஞ்சம்தான் நகர்த்தும். மாறுவது அதற்குப் பிந்தைய கதை: ஒரு பெரிய விரிசலுக்குப் பதில் பல மெல்லிய விரிசல்கள், அவை அகலமாகத் திறக்காமல் இழுத்துப் பிடிக்கும் பிடி, திடீரென்று முறியாமல் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் தன்மை. ஜப்பானியர் 1984-லேயே வகுத்த சோதனைமுறை, தாங்கிகளின் இடைவெளியில் 150-இல் ஒரு பங்கு வளையும்வரை சுமையைத் தொடர்ந்து அளக்கச் சொல்கிறது. ஐரோப்பியர் பீமின் அடியில் 25 மி.மீ. ஆழத்துக்கு வெட்டு வைத்து, அந்த வாய் திறக்கத் திறக்க எவ்வளவு சுமை மிஞ்சுகிறது என்று பார்க்கிறார்கள். எல்லாருமே சிவப்பு முள் நின்றபிறகு நடப்பதை அளந்தார்கள். நான் அங்கே கடையைச் சாத்தினேன். விரிசலின் அகலத்தைப் பார்க்கும் நுண்ணோக்கி ஆய்வக அலமாரியில் உறையோடு இருந்தது. அதை வெளியே எடுத்த ஞாபகம் எனக்கில்லை.

இதுவரை சொன்னது அறியாமை. பொய் ஒன்றரை சதவீதத்தில் வந்தது. கனமீட்டருக்குச் சுமார் 118 கிலோ கணக்கில் ஃபைபரைப் போட்டபோது மிக்சருக்குள் துண்டுகள் ஒன்றோடொன்று சிக்கி முள்ளுருண்டைகளாக வந்தன. உருண்டைக்குள் காரை போகவில்லை, அச்சைக் கழற்றினால் பக்கமெல்லாம் ஓட்டை. வலிமை ஒரு சதவீத பீமைவிடக் குறைந்தது. அன்று நான் நேர்மையாக ஒரு வரி எழுதியிருந்தால், மொத்த ஆய்வேட்டிலும் உருப்படியான வரி அதுவாக இருந்திருக்கும்: இந்த ஃபைபரை இந்த அளவுக்கு இப்படிக் கலக்க முடியாது. ஆனால் என் கோடு இறங்கக் கூடாது. இறங்கும் கோட்டை வைத்துக்கொண்டு என்ன முடிவுரை எழுதுவது?

மறுபடி வார்த்தேன். இந்தமுறை மிக்சரில் ஃபைபர் போடவில்லை. அச்சில் கொஞ்சம் காரை ஊற்றி, ஃபைபரைக் கையால் நீளவாக்கில் அடுக்கி, மேலே காரை, மறுபடி அடுக்கு. இழுபடும் அடிப்பாதியில் அதிகம், மேல்பாதியில் பேருக்கு. சிவப்பு முள் துள்ளிக்கொண்டு போனது. போகாமல் என்ன செய்யும்? அது ஃபைபர் கான்கிரீட் அல்ல, சின்னச் சின்னக் கம்பி போட்ட பீம். ஆய்வேட்டில் எழுதியது: ஃபைபர்கள் ஒழுங்கற்ற திசைகளில் சீராகப் பரவியிருந்தன. போதாக்குறைக்கு அச்சும் தவறு. அச்சின் அகலம் ஃபைபர் நீளத்தைப்போல் மூன்று மடங்காவது வேண்டும் என்பது நெறி. 60 மி.மீ. ஃபைபருக்கு 100 மி.மீ. அச்சு என்றால், துண்டுகள் திரும்ப இடமில்லாமல் தாமாகவே பீமின் நீளத்துக்குப் படுத்துக்கொள்ளும். எனவே என் மற்ற எண்களும் நிஜ பீமில் கிடைக்கக்கூடியதைவிட உயர்வானவைதான்.

ஒரு சதவீதத்தில் ஒரு பீம் மட்டும் தாழ்ந்து நின்றது. ஐ.எஸ். 516-இல் ஒரு விதி உண்டு: 10 செ.மீ. பீமில் விரிசல் பக்கத்துத் தாங்கியிலிருந்து 11 செ.மீ.க்குள் விழுந்தால் அந்த முடிவைத் தள்ளிவிட வேண்டும். என் பீம் நடு மூன்றில் ஒரு பங்குக்குள் ஒழுங்காக விரிந்திருந்தது. 'தாங்கிக்கு அருகில் உடைந்ததால் நீக்கப்பட்டது' என்று எழுதினேன். துண்டுகளைக் கல்லூரிக்குப் பின்னால் குப்பையில் நானே கொண்டுபோய்ப் போட்டேன்.

வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "விரிசலுக்கப்புறம் லோடு எப்படிப் போச்சு தம்பி?" மெஷினில் அந்த வசதி இல்லை சார் என்றேன். அதில் பாதி உண்மை. அவர் தலையாட்டிவிட்டுத் தகடூர் இரும்புப் பகுதியைப் பாராட்டினார்.

இவ்வளவும் ஆய்வேட்டோடு அலமாரியில் தூங்கியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. ஊரில் சொந்தமாக அலுவலகம் போட்டுச் சில ஆண்டுகள் கழித்து ஒரு புளி மண்டிக்காரர் வந்தார். கீழே கடைகள், மேல்மாடியில் புளி மூட்டை அடுக்கக் கிடங்கு. வீட்டுத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன் சுமை போட்டுக் கணக்கிடுவோம். கிடங்குக்குக் குறைந்தது 7.5. ஆக, தூண் ஓரத்தில் பீமை வெட்டும் விசை அதிகம். அதற்குத்தான் பீமின் நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங். வழக்கம்போல் ஆறு அங்குலத்துக்கு ஒரு ரிங் போட்டிருந்தால் கதை முடிந்தது. புளி சீசனுக்கு முன் மாடி முடிய வேண்டும் என்று மண்டிக்காரர் அவசரப்பட்டார். கம்பி கட்ட ஆள் கிடைக்கவில்லை. நான் புத்திசாலித்தனமாக, பீமில் ஃபைபர் கலந்து ரிங் இடைவெளியை ஒன்பது அங்குலமாக்கலாம் என்றேன். மிச்சமான காசு சொற்பம். உள்ளபடி சொன்னால், என் வரைபடம் நிஜக் கட்டடத்தில் நிற்பதைப் பார்க்க எனக்கு ஆசை.

ஆதாரமாக ஒன்றையும் கையில் வைத்திருந்தேன். அமெரிக்காவின் ஏ.சி.ஐ. 318 விதிநூல், 2008 பதிப்பில், ரிங்குக்குப் பதில் ஸ்டீல் ஃபைபரை அனுமதித்தது. பாதிதான் படித்தேன். அந்த அனுமதி, வெட்டுவிசை குறைவாக இருந்து பெயருக்குக் குறைந்தபட்ச ரிங் போடும் பீம்களுக்கு மட்டும். கணக்கே ரிங் கேட்கும் இடத்துக்கு அல்ல. அதற்கும் கனமீட்டருக்கு 60 கிலோவுக்குக் குறையாத ஃபைபர், 600 மி.மீ.க்கு மேற்படாத உயரம், விரிந்தபிறகும் இவ்வளவு சுமை மிஞ்சும் என்று காட்டும் சோதனை ஆகியவை நிபந்தனை. எந்தச் சோதனை? நான் வால்வைத் திறந்துவிட்டுச் சாப்பிடப் போனேனே, அதே சோதனை. நம் ஐ.எஸ். 456-க்குப் பின்னர் வந்த திருத்தமும் ஃபைபரைச் சிறப்புப் பணிகளுக்குச் சேர்க்கலாம், துறை நூல்களைப் பார்த்துச் செய்யுங்கள் என்ற அளவோடு நிறுத்திக்கொண்டது.

கான்கிரீட் போட்ட நாளில் நான் சைட்டில் இல்லை. அரூரில் வேறு வேலை. ஒரு மூட்டை சிமெண்ட் போடும் மிக்சர். மூட்டைக்கு எட்டரை கிலோ ஃபைபர் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். கலவையை இளக்கும் கெமிக்கலை எழுத மறந்துவிட்டேன். ஆய்வகத்தில் அது இல்லாமல் ஒரு பீம்கூட வார்த்ததில்லை. காலையில் மேஸ்திரி கூப்பிட்டார்.

"சார், கலவை இறங்கவே மாட்டேங்குது. கம்பிமேலயே முள்ளு முள்ளா நிக்குது. வைப்ரேட்டர் போட்டாலும் போகல."

"கொஞ்சம் தண்ணி விட்டுக்கோங்க மேஸ்திரி. அதான் ஃபைபர் இருக்குல்ல, ஒண்ணும் ஆகாது."

மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர் என்பது என் கணக்கு. மேலே ஐந்து லிட்டர் போனாலே நீர்–சிமெண்ட் விகிதம் 0.5 என்பது 0.6 ஆகிவிடும், வலிமை கண்ணுக்குத் தெரியச் சரியும். இது இரண்டாம் ஆண்டு மாணவனுக்குத் தெரியும். எனக்கும் அன்று தெரியும்.

முதல் சீசனில் மூட்டை ஏறியதும் இரண்டு பீம்களில் தூண் ஓரமாகச் சாய்வான விரிசல் விழுந்தது. கீழே தாங்கி அருகே தொடங்கி மேலே நடுப்பக்கமாகச் சாய்ந்து ஓடும் கோடு. நடுவில் நேராக விழும் மயிரிழை விரிசலை நாங்கள் பொறுத்துக்கொள்வோம். இந்தச் சாய்வுக் கோட்டைப் பார்த்தால் வயிறு கலங்கும், ஏனென்றால் அந்த வகை முறிவு அவகாசம் கொடுக்காது. விதி பொறுக்கும் 0.3 மி.மீ. அகலத்தை அது தாண்டியிருந்தது. மூட்டைகளை இறக்கி, ஜாக்கி முட்டுக் கொடுத்து, ஒரு இடத்தில் கொத்திப் பார்த்தோம். ஃபைபர் முழுக்க மேல்கம்பிகளின்மீது பாய் விரித்த மாதிரி படுத்திருந்தது. அடியில், விரிசல் தொடங்கும் இடத்தில், விரல்விட்டு எண்ணும் அளவுதான். பீம் விழாமல் நின்றதற்கு என் ஃபைபர்தான் காரணம் என்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கிறது. பிடித்து வைத்திருந்தது ஒன்பது அங்குலத்துக்கு ஒன்றாக இருந்த அந்த ரிங்தான்.

மண்டிக்காரர் கேட்டார், என்ன ஆச்சு என்று. நான் சொன்னேன்: "தண்ணி அதிகமாப் போயிருக்கு."

யார் விட்டது, யார் சொல்லி விட்டது என்று அந்த வாக்கியத்தில் இல்லை. மேஸ்திரி பக்கத்தில்தான் நின்றார். என்னைப் பார்த்தார், பேசவில்லை. எங்கள் தொழிலில் இஞ்சினியரை எதிர்த்துப் பேசிய மேஸ்திரிக்கு அடுத்த வேலை எந்த இஞ்சினியரிடமும் கிடைக்காது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அந்தத் தைரியத்தில்தான் அப்படிச் சொன்னேன். மண்டிக்காரர் அவருக்குத் தரவேண்டிய பாக்கிக் கூலியை நிறுத்திவிட்டார். பீமைச் சுற்றிப் புது ரிங் கட்டி ஜாக்கெட் போட்டுப் பலப்படுத்தும் டிசைனை நான் போட்டேன். அதற்கு ஃபீஸும் வாங்கிக்கொண்டேன்.

போன வருடம் ஒரு மாணவி போனில் கூப்பிட்டு, உங்கள் வரைபடத்தை என் ஆய்வில் மேற்கோள் காட்டலாமா சார் என்று கேட்டார். அவருடைய ஒன்றரை சதவீத பீம்கள் வலிமையில் இறங்கிக்கொண்டே இருந்தனவாம், தன் கலவையில்தான் ஏதோ தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தார். தப்பு உங்களுடையதல்ல, என் படத்தை எடுக்காதீர்கள், உங்கள் எண்களை அப்படியே போடுங்கள் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். அவரிடம்தான் முதன்முதலில் முழுதாகச் சொன்னேன். அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமில்லை. பிறகு, "அப்ப மெஷின நிறுத்தாம ஓட்டினா என்ன தெரியும் சார்?" என்று கேட்டார். அதைப் பற்றி ரொம்ப நேரம் பேசினோம்.

அதற்குப் பிறகுதான் மேஸ்திரியின் நம்பரைத் தேடினேன். எங்கள் ஊர்க்காரர்கள் பலரைப்போல் அவரும் இப்போது பெங்களூரு சைட்களில் இருக்கிறார். அந்தப் பாக்கிக் கூலியை நான் தருகிறேன் என்றேன்.

"காசு அனுப்புங்க சார், வேணாங்கல," என்றார். "ஆனா போன்ல நீங்க சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு. அவருகிட்ட நீங்களே சொல்லிடுங்க. மண்டிக்காரரு இன்னும் என்னத் தண்ணி மேஸ்திரின்னுதான் சொல்லிட்டுத் திரியறாராம்."

காசு அனுப்பிவிட்டேன். மண்டிக்காரர் இப்போதும் எனக்கு வேலை தருகிறார்; அவர் மகள் வீட்டுக்குப் பிளான் போட்டுக்கொண்டிருக்கிறேன். போன வாரமும் வந்து முன் அறையில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போனார். பத்திரிகை படிக்கும் பழக்கம் உள்ளவர். இது அச்சாகி அவர் கைக்குப் போகுமுன் நேரில் சொல்லிவிட வேண்டும் என்று இருக்கிறேன். இந்த வரி எழுதும்வரை சொல்லவில்லை.